லண்டன் சுரங்க ரயில்: ஒரு குழாயின் விட்டம் தீர்மானித்தவை

லண்டனில் பிக்காடில்லி, நார்தர்ன், பேக்கர்லூ ஆகிய வழித்தடங்களில் காலை நெரிசலில் ஏறிக் கதவோரம் நிற்க நேர்பவர்களுக்கு ஒன்று உடனே உறைக்கும். பெட்டியின் பக்கச்சுவர் தோளுக்கு மேல் உள்நோக்கி வளைகிறது. கதவும் அதே வளைவோடுதான் மூடுகிறது. சற்று உயரமான ஆளாக இருந்தால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அங்கிருந்து மெட்ரோபாலிடன் தடத்துக்கு மாறினால் நிமிர்ந்து நிற்கலாம், குளிர்சாதன வசதியும் உண்டு. நிர்வாகமும் பயணச்சீட்டும் ஒன்றுதான், ரயில்கள் மட்டும் இரண்டு அளவில் ஓடுகின்றன.

இந்த வலையமைப்பின் வரலாற்றைப் பெரும்பாலும் சாதனைகளின் வரிசையாகவே எழுதுகிறார்கள். எனக்கோ அது, ஒரு தலைமுறை தன் வசதிக்காக எடுத்த முடிவைப் பின்வந்த தலைமுறைகள் சுமந்த கதையாகவே படுகிறது. சாலையை அகலப்படுத்தலாம், பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். ஆனால் நகரத்துக்கு அடியில் இரும்பு வளையங்களைப் பூட்டி அமைத்த சுரங்கத்தின் அளவை மாற்றுவது எளிதில் நடக்கிற காரியமன்று.

தொடக்கம் தாராளமாகவே இருந்தது. 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே, சுமார் 6 கிலோமீட்டர் தொலைவுக்கு, உலகின் முதல் சுரங்கப் பயணிகள் ரயில் ஓடியது. லண்டன் மாநகரின் சட்ட அலுவலராக இருந்து இந்தத் திட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடிய சார்லஸ் பியர்சன் அதைப் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். தெருவைத் தோண்டி, பக்கச்சுவர் எழுப்பி, மேலே வளைவு கட்டி மூடுவதுதான் அன்றைய முறை. முழு அளவு நீராவி இன்ஜின்கள் ஓட வேண்டியிருந்ததால் சுரங்கமும் விசாலமாக அமைந்தது. புகைதான் பெரும் தொல்லை. அதை வெளியேற்ற ஆங்காங்கே திறந்தவெளி தேவைப்பட்டது. பேஸ்வாட்டர் பகுதியின் லீன்ஸ்டர் கார்டன்ஸ் தெருவில் 23, 24 ஆகிய எண்களில் இருப்பவை வீடுகள் அல்ல. அக்கம்பக்கத்து வீடுகளைப் போலவே தூண், மாடம், ஜன்னல் எல்லாம் வைத்துக் கட்டிய வெறும் முன்சுவர். ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, சாம்பல் வண்ணம் பூசியிருக்கிறார்கள். சுவருக்குப் பின்னால் பள்ளமும் தண்டவாளமும்தான். தெருவின் அழகு கெடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

மாநகரத்தின் நடுவில் எல்லாத் தெருக்களையும் இப்படித் தோண்டிப் போட முடியாது. ஆழத்தில் துளையிட்டுச் செல்லும் வழியை மார்க் புரூனல் தேம்ஸ் நதிக்கு அடியில் காட்டியிருந்தார். ஆனால் 1825-இல் தொடங்கிய அந்தச் சுரங்கம் 1843-இல்தான் திறக்கப்பட்டது. இடையில் ஆறு பலமுறை உள்ளே புகுந்தது. ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் 1869-இல் டவர் சுரங்கப்பாதையைத் தோண்டும்போது வட்ட வடிவ இரும்புக் கவசத்தைப் பயன்படுத்தினார். கவசம் களிமண்ணுக்குள் முன்னேற முன்னேற, அதன் பின்னால் வார்ப்பிரும்புத் துண்டுகளை வளையமாகப் பூட்டிக்கொண்டே போகலாம். லண்டன் களிமண் இதற்கென்றே வாய்த்தது போல இறுக்கமாகவும், பெரும்பாலும் நீர் கசியாததாகவும் இருந்தது.

இதே முறையில் அமைந்த முதல் ஆழ்குழாய் ரயில்தான் 1890-இல் ஸ்டாக்வெல்லிலிருந்து திறக்கப்பட்ட சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வே. மின்சாரத்தில் ஓடியது என்பதற்காக அதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதை மின்சார ரயிலாக யாரும் திட்டமிடவில்லை. பெட்டிகளைக் கம்பிவடத்தால் இழுப்பதாகத்தான் முதல் திட்டம். வடத் தொழில்நுட்பத்தைத் தருவதாக இருந்த நிறுவனம் திவாலானபோது சுரங்க வேலை நடந்துகொண்டிருந்தது, அதன் பிறகே மின்சாரத்துக்கு மாறினார்கள். வடம் இழுக்கும் சிறு பெட்டிகளுக்குப் போதும் என்று வைத்த விட்டம் அப்படியே நிலைத்தது: வடக்குப் பகுதியில் 10 அடி 2 அங்குலம், சற்றே 3 மீட்டருக்கு மேல். சுரங்கத்துக்குள் பார்க்க என்ன இருக்கிறது என்று ஜன்னல்களையும் கூரையோரம் ஒரு கீற்றாகச் சுருக்கிவிட்டார்கள். பயணிகள் அந்தப் பெட்டிகளை மெத்தை தைத்த சிறையறை என்று கிண்டல் செய்தார்கள். பயன்படுத்தாமலே போன ஒரு தொழில்நுட்பத்தின் அளவுகோலில் இந்த நகரத்தின் ஆழ்குழாய்ப் பயணம் தொடங்கியது என்பதுதான் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிக வியப்பான செய்தி.

பின்னால் வந்தவர்கள் சற்றே பெரிதாகத் தோண்டினார்கள், ஆனால் சற்றேதான், சுமார் 3.6 மீட்டர் என்பது வழக்கமாகிவிட்டது. முதல் தடத்தை அந்த அளவுக்கு ஒத்துவரச் செய்ய 1920-களில் சுரங்கம் முழுவதையும் அகலப்படுத்த வேண்டியதாயிற்று. பகலில் ரயில் ஓட்டிக்கொண்டே வேலையை முடித்துவிடலாம் என்று முயன்றார்கள். 1923 நவம்பரில் ஓடும் ரயில் ஒரு முட்டுப்பலகையில் மோதி, பின்னால் மண் சரிந்தது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. ஆனால் அதன்பின் தடத்தை மூடித்தான் வேலையைத் தொடர்ந்தார்கள்.

விட்டத்தைப் போலவே பாதையும் பணக் கணக்கில் முடிவானது. தனியார் நிலத்துக்கு அடியில் சென்றால் உரிமையாளருக்குப் பணம் தர வேண்டும், பொதுத்தெருவுக்கு அடியில் சென்றால் அந்தச் செலவு இல்லை. ஆகவே சுரங்கங்கள் தெருக்களின் வளைவுநெளிவைப் பின்பற்றின. 1900-இல் எங்கே போனாலும் 2 பென்ஸ் என்ற ஒரே கட்டணத்தோடு திறந்த சென்ட்ரல் லண்டன் ரயில்வேயில் இதை இன்றும் காணலாம். செயின்ட் பால்ஸ் நிலையத்தில் தெரு குறுகலானதால் இரு நடைமேடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன. பேங்க் நிலையத்தில் நடைமேடை வளைந்திருப்பதால், நேரான ரயில் பெட்டிக்கும் விளிம்புக்கும் நடுவே கால் இடறும் அளவுக்கு இடைவெளி. ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும்: நிலையங்களைச் சிறு மேட்டின்மேல் அமைத்து, உள்ளே வரும் ரயில் ஏற்றத்தில் தானாக வேகம் குறையவும், புறப்படும்போது இறக்கத்தில் வேகம் பிடிக்கவும் வழிசெய்தார்கள்.

அமெரிக்க முதலீட்டாளர் சார்லஸ் யெர்க்ஸ் திரட்டிய பணத்தில் 1906, 1907 ஆண்டுகளுக்குள் பேக்கர்லூ, பிக்காடில்லி, ஹாம்ப்ஸ்டெட் என மூன்று ஆழ்குழாய்த் தடங்கள் அடுத்தடுத்துத் திறந்தன. அவரும் எதையும் பார்க்காமல் 1905 டிசம்பரில் காலமானார். ஆற்றுக்குத் தெற்கே தடங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று வரைபடத்தைப் பார்க்கும் எவரும் கேட்பார்கள். அங்கே பல இடங்களில் நீர் ஊறும் மணலும் சரளையும் குறுக்கிட்டதால் துளையிடுவது கடினம். தரைமேல் ரயில்களும் ஏற்கெனவே நெருக்கமாக ஓடிக்கொண்டிருந்தன.

போட்டி நிறுவனங்கள் தனித்தனியே தோண்டிய இந்தத் துண்டுகளை வலையமைப்பாக்கியது 1933 ஜூலையில் உருவான லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியம். ஹாரி பெக் வரைந்த, தொலைவைப் பொருட்படுத்தாத நேர்கோட்டு வரைபடம் பொதுமக்கள் கைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். அந்த வரைபடத்தில் எல்லாத் தடங்களுக்கும் ஒரே தடிமன் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

விக்டோரியா தடம் 1968-இல் தானியங்கி ரயில்களோடு திறந்தபோது, காற்றின் எதிர்ப்பைக் குறைக்கச் சுரங்கத்தைச் சற்றுப் பெரிதாக்கினார்கள். ரயிலின் அளவு மட்டும் மாறவில்லை. 1999-இல் முடிந்த ஜூபிலி தட நீட்டிப்பில் சுரங்கம் இன்னும் அகலம், நடைமேடை விளிம்பில் கண்ணாடிக் கதவுகள், பிரம்மாண்டமான நிலையங்கள். ஆனாலும் அதே தடத்தின் பழைய பகுதியையும் கடந்தாக வேண்டியிருப்பதால், அந்த நிலையங்களுக்குள் வந்து நிற்பது அதே குறுகிய ரயில்தான்.

இறுக்கமான குழாய்க்கு இன்னொரு விலையும் உண்டு, வெப்பம். முதல் தடங்கள் திறந்த காலத்தில், கோடையில் ஒதுங்க இதமான இடம் என்று இந்தச் சுரங்கங்களை விளம்பரம் செய்தார்கள். அப்போது சுற்றியுள்ள களிமண் சுமார் 14 டிகிரியில் இருந்தது. நூறாண்டுக்கு மேலாக ரயில்கள் பிரேக் போட்டு வெளியிட்ட வெப்பத்தை உறிஞ்சி உறிஞ்சி அது இப்போது வெகுவாகச் சூடேறிவிட்டது. குளிர்சாதனக் கருவி வைக்கலாம் என்றால் குழாய்க்கும் பெட்டிக்கும் நடுவே இடமில்லை. வைத்தாலும் வெளியேற்றும் வெப்பம் அதே குழாய்க்குள்தான் போய்ச் சேரும். பிக்காடில்லி தடத்துக்காக சீமென்ஸ் உருவாக்கிய புதிய ரயிலில், பெட்டிகளை இணைத்துச் சக்கரத் தொகுதிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சமான அடித்தள இடத்தில் குளிர்சாதனத்தைப் பொருத்தியிருக்கிறார்கள்.

2022 மே 24 அன்று திறந்த எலிசபெத் தடத்தில்தான் கணக்கை முதலிலிருந்து போட்டார்கள். அது தாமதமாகவும், மதிப்பீட்டை மிஞ்சிய செலவிலும் முடிந்ததை எல்லோரும் குறை சொன்னார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதன் சுரங்கத்தின் உள்விட்டம் 6.2 மீட்டர், தரைமேல் ஓடும் முழு அளவு ரயில் அப்படியே நகரத்துக்கு அடியில் நுழைகிறது. இப்போது ஓடும் ரயில்களின் நீளம் 205 மீட்டர். நடுநகர நிலையங்களையோ, பின்னாளில் 240 மீட்டர் நீள ரயில்கள் வந்தாலும் ஏற்கும்படி கட்டியிருக்கிறார்கள்.