வேடந்தாங்கல், காலை ஆறு மணி

இன்னும் சரியாக விடியவில்லை. என் 10×25 பைனாகுலரில் (பத்து மடங்கு உருப்பெருக்கம், 25 மில்லிமீட்டர் அகல முன்கண்ணாடி) ஏரி நடுவே மரமெல்லாம் ஒரே கறுப்பு, அதில் வெள்ளையாக ஏதோ அசைகிறது, அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்ற பெரியவர் தன் 8×42-ஐக் கழுத்திலிருந்து கழற்றி, "இதுல பாருங்க தம்பி" என்று கொடுத்தார்.

நத்தை குத்தி நாரை. மூடிய அலகின் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்குமே, அதன் வழியாக வானம் தெரிந்தது.

கணக்கும் அவரே சொன்னார். முன்கண்ணாடியின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு. என்னுடையது 2.5 மில்லிமீட்டர், அவருடையது 5.25. கையை நீட்டிப் பிடித்தால் அந்த வட்டமே தெரிகிறது, ஒன்று கடுகு மாதிரி, இன்னொன்று மிளகு மாதிரி.

நல்ல வெயிலில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் பறவைகள் கிளம்புவதும் திரும்புவதும் அரையிருட்டில்தானே? நான் வாங்கிய கடையில் பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்றுதான் பேசினார்கள், வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம், மடங்கு கூடக்கூட கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும்.

15,000 ரூபாய்க்குள் ஒரு 8×42 தேடிக்கொண்டிருக்கிறேன். நாரைகள் கிளம்பிப் போவதற்குள் அந்த அலகை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.