நடுவரின் புள்ளியும் பிள்ளையின் கதையும்

பாடசாலைப் பிள்ளைகளுக்கான தமிழ்மொழித்தினப் போட்டிக் காலம் வந்தால் யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு வேலை இரட்டிப்பாகிவிடும். எங்கள் பிள்ளைகளைக் கதை எழுதப் பழக்க வேண்டும், சில வேளை வேறு போட்டிகளுக்கு நடுவராகவும் போக வேண்டும். கோட்ட மட்டத்தில் முதலாமிடம் எடுத்த பிள்ளை அடுத்த படியான வலய மட்டத்தில் ஒரு இடமும் இல்லாமல் வந்து நின்று, "ரீச்சர், நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்கும். பல நேரங்களில் அந்தப் பிள்ளை ஒரு பிழையும் விட்டிருக்காது. வாசித்த ஆட்கள் வேறு, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் இது கூடுதலாகத் தெரிவது பேச்சுவழக்கில்தான். அம்மம்மா கதைப்பதை "அங்காலை போய் இருந்து கதை பிள்ளை" என்று அப்படியே எழுதினால் ஒரு நடுவருக்குக் கதை உயிரோடு எழும்பி வரும், பக்கத்தில் இருப்பவருக்கோ அது மொழிப்பிழை, உடனே புள்ளி குறையும். இரண்டு பேரும் நேர்மையானவர்கள், தமிழில் பற்றுள்ளவர்கள். 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் மரபுப் போராட்டம் என்று ஒன்று நடந்தது. பேச்சுத்தமிழை இலக்கியத்தில் எழுதலாமா என்று பெரிய அறிஞர்களே எதிரெதிராக நின்றார்கள், 'இழிசனர் வழக்கு' என்றுகூடச் சொன்னார்கள். அந்தச் சண்டையின் மிச்சம் இன்றைக்கும் புள்ளித்தாளில் இருக்கிறது, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்வதில்லை.

1961இல் அமெரிக்காவில் போல் டீடெரிக் என்பவரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு ஒன்றைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. மாணவர் எழுதிய 300 கட்டுரைகளை ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், சட்டத்தரணிகள் என்று 53 பேர் ஒன்பது தரங்களாகப் பிரித்தார்கள். நூற்றுக்கு 94 கட்டுரைகளுக்கு ஆகக் குறைந்தது ஏழு வெவ்வேறு தரங்கள் விழுந்தன! சிலர் கருத்தைப் பார்த்திருக்கிறார்கள், சிலர் பிழைகளை, சிலர் ஒழுங்கை, சிலர் சொல்லை, இன்னும் சிலர் எழுதியவரின் தனிச்சுவையை.

அப்புறம் கூட்டல் கணக்கு. ஒரு கதைக்கு மூன்று நடுவர்கள் 85, 82, 45 போட்டால் மொத்தம் 212. எல்லாரும் 72 போட்ட கதைக்கு 216. இரண்டு பேர் கொண்டாடிய கதை தோற்று, யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத ஆனால் யாரையும் உறுத்தாத கதை வென்றுவிடும். துணிந்து எழுதுகிற பிள்ளைக்குத்தான் இது அடிக்கடி நடக்கும், எனக்கு மனம் பொறுக்காத இடமும் இதுதான். அதனால் முடியுமான இடங்களில் மொத்தத்தை விட்டு ஒவ்வொரு நடுவரின் புள்ளியையும் கேட்டு வாங்கிப் பிள்ளையிடம் காட்டுகிறேன். மூன்றுமே குறைவு என்றால் சரி, இருந்து திருத்துவோம். ஒன்று மட்டும் பாதாளத்தில் கிடந்தால் கதையில் கை வைக்க விடமாட்டேன், அதை அப்படியே வேறொரு போட்டிக்கோ சஞ்சிகைக்கோ அனுப்பச் சொல்வேன்.

நான் நடுவராக இருக்கும்போது ஆகக் குறைந்த புள்ளி போடும் கதைக்குக் காரணத்தை இரண்டு வரியில் எழுதி வைக்கிறேன். மற்ற நடுவர்களின் புள்ளியோடு இருபதுக்கு மேல் இடைவெளி வந்தால், கூட்டுவதற்கு முதல் அந்தக் கதையை எடுத்துவைத்துக் கதைப்போம் என்று கேட்கிறேன். நேரம் இல்லை என்று சிலர் சினப்பார்கள். கேட்காமல் விடமாட்டேன்.