ஜிம்மி யான்சியின் இடக்கையோடு நான்கு மாதங்கள்

நான்கு மாதங்களுக்கு முன்பு புகி-வுகி (இடக்கை ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் ப்ளூஸ் பியானோ பாணி) பழக ஆரம்பித்தபோது, பலரையும் போல நானும் பியானோ கலைஞர் பைன்டாப் ஸ்மித்தின் பதிவுகளிடம்தான் போனேன். 1928 டிசம்பரில் அவர் பதிவுசெய்த 'பைன் டாப்ஸ் புகி வுகி' என்ற இசைத்தட்டுதான் இந்தப் பாணியின் பெயரையே ஊரறியச் செய்தது. அது பதிவான மூன்று மாதத்துக்குள், 1929 மார்ச்சில், சிகாகோ நடன அரங்கு ஒன்றில் குண்டடிபட்டு இறந்துபோனார். வயது 24.

அந்த இடக்கை ஓட்டத்தைப் பிடிக்க மூன்று வாரம் முயன்றேன். தினமும் முக்கால் மணி நேரம். மூன்றாவது வாரக் கடைசியில் முன்கையில் வலி வந்தது. விரல் ஓடியது, ஆனால் ப்ளூஸ் கேட்கவில்லை. வலி குறையட்டும் என்று வாசிப்பை நிறுத்திவிட்டு, கேட்க மட்டும் செய்த நாட்களில்தான் ஜிம்மி யான்சி என்ற பழைய பியானோக்காரர் காதில் விழுந்தார்.

முதலில் கேட்டது 'ஃபைவ் ஓ'கிளாக் ப்ளூஸ்'. நான் புகி-வுகி என்று நினைத்திருந்த ரயில் வண்டி ஓட்டம் அதில் இல்லை. இடக்கை ஒவ்வொரு சுரமாக எடுத்து வைக்கிறது. நடுவில் இடம் விடுகிறது. அன்று ராத்திரி அதையே ஆறேழு முறை கேட்டேன். மறுநாள் பைன்டாப்பை ஓரமாக வைத்துவிட்டு யான்சியிடம் வந்துவிட்டேன்.

சிகாகோக்காரர். அப்பா மேடைப் பாடகர், கிதார் வாசிப்பவர். யான்சியும் சின்ன வயதிலேயே பாட்டும் காலடி நடனமுமாக வோடவில் என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சிக் குழுக்களோடு ஊர் ஊராகப் போனவர். ஐரோப்பா வரைக்கும் போயிருக்கிறார். இருபது வயதையொட்டி ஊர் திரும்பி பியானோவில் உட்கார்ந்துவிட்டார். வாசித்ததெல்லாம் பெரும்பாலும் வாடகை விருந்துகளில். சிகாகோவின் தெற்குப் பகுதியில் வாடகை கட்டப் பணம் போதாதவர்கள் வீட்டிலேயே விருந்து வைப்பார்கள். வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுப்பார்கள். சாப்பாடு, குடி, விடிய விடிய நடனம். அங்கே பியானோக்காரருக்கு என்றைக்கும் மரியாதை உண்டு.

பகலில் அவருக்கு வேறு வேலை. 1925 முதல் 1950 வரை, கால் நூற்றாண்டு, சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் கமிஸ்கி பார்க் மைதானத்தில் தரை பராமரிக்கும் ஊழியர். அந்த மைதானம் இருந்தது 35ஆம் தெருவில். அவருடைய பாட்டு ஒன்றின் பெயர் 'தர்ட்டி-ஃபிஃப்த் அண்ட் டியர்பார்ன்', அதே 35ஆம் தெருவின் ஒரு சந்திப்பு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டைக் கேட்டால், வேலை முடிந்து அந்தத் தெருவில் நடந்து வருகிற ஒருவரின் நடையாகவே எனக்குக் கேட்கிறது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது 61 கட்டை உள்ள கீபோர்ட். யான்சியின் இடக்கைக்குக் கீழ் ஸ்தாயி வேண்டும் என்பதால் முழுவதையும் ஒரு ஸ்தாயி இறக்கி வைத்துக்கொண்டேன். அவருடைய பல பாட்டுகளில் இடக்கைத் தாளத்துக்கு ஹபனேரா என்ற கியூப நடனத் தாளத்தின் சாயல் உண்டு. முதல் இரண்டு நாள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி எண்ணித் தடுமாறினேன். அப்புறம் வாயால் சொல்லிப் பார்த்தேன்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. உடனே கை புரிந்துகொண்டது. ஒரு கட்டை சுருதியில் (மேற்கத்திய ஸி) முதல் தகிடவுக்கு ஒன்றாம் கட்டை, அடுத்த தகிடவுக்கு ஐந்தாம் கட்டை, தகவுக்கு ஆறாம் கட்டை. நான் பழகிய அடிப்படை வடிவம் இவ்வளவுதான். பத்து நாள் இடக்கை மட்டும், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து.

கஷ்டம் வலக்கையைச் சேர்க்கும்போதுதான் தெரிந்தது. வலக்கை ஒரு சின்ன சறுக்கல் போடும். இரண்டரைக் கட்டையில், அதாவது கருப்பில், விரலை வைத்து அப்படியே பக்கத்து வெள்ளைக்கு வழுக்கி இறங்க வேண்டும். இரண்டு விரலால் வாசித்தால் அது சறுக்கலாக இல்லை, இரண்டு தனிச் சுரங்களாகிவிடுகிறது. ஆள்காட்டி விரலின் நுனியைக் கருப்புக் கட்டையின் விளிம்பில் வைத்து, அழுத்தாமல், கையின் எடையைச் சற்று முன்னால் விட்டால் தானாக இறங்குகிறது. இதற்கு ஒரு வாரம் ஆனது. அது சரியாக விழுந்த முதல் தடவை, வாசிப்பதை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் மாதம் முழுக்க ஒரே விஷயத்தில் போனது: முடிவு. யான்சி எந்தச் சுருதியில் வாசித்தாலும் பாட்டை ஈ ஃபிளாட்டில், நம் கணக்கில் இரண்டரைக் கட்டையில், கொண்டுபோய் முடிப்பார். ஒரு கட்டையில் பாட்டு போய்க்கொண்டிருக்கும், கடைசியில் ஒரு சின்ன சங்கதி, திடீரென்று இரண்டரைக் கட்டையில் இறங்கி உட்கார்ந்துவிடும். நான் முதல் தடவை அப்படி முடித்தபோது சமையலறையிலிருந்து அம்மா குரல்: "என்னடா, வேற சுருதியில நிறுத்திட்ட?"

"அவர் அப்படித்தான்மா முடிப்பார்."

"இன்னொரு தடவை வாசி."

வாசித்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஏன் நன்றாக இருக்கிறது என்று அப்புறம் யோசித்தேன். ஒரு கட்டை ப்ளூஸில் வலக்கை சாதாரண காந்தாரத்தை, அதாவது அந்த இரண்டரைக் கட்டைச் சுரத்தை, தொட்டுத் தொட்டுத்தான் வருகிறது. முடிவில் அந்தக் காந்தாரமே ஸட்ஜமாகிவிடுகிறது. கிரகபேதம் (ஸட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றிப் பாடுவது) கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகப் படாது. ஐந்து கட்டையில் வாசித்துவிட்டு இதே முடிவைப் போட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. அங்கே அந்தச் சுரம் சுத்த தைவதம், பாட்டில் அதிகம் வந்திருக்காது. எனக்கு இப்போது அந்த அதிர்ச்சியும் பிடிக்கிறது. கேட்டவுடனே யான்சி என்று தெரிந்துவிடும் கையெழுத்து அது.

அவரிடம் கேட்டுக் கற்றவர்கள் மீட் லக்ஸ் லூயிஸும் ஆல்பர்ட் அம்மன்ஸும். இருவரும் சிகாகோவில் டாக்ஸி ஓட்டியவர்கள். லூயிஸ் 1936இலேயே 'யான்சி ஸ்பெஷல்' என்று ஒரு பாட்டைப் பதிவுசெய்தார். 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் இவர்கள் இருவரும் பீட் ஜான்சன் என்ற இன்னொரு பியானோக்காரரும் வாசித்த பிறகு நாடெங்கும் புகி-வுகி மோகம் பிடித்தது. குருவின் வாசிப்பு தட்டில் ஏறியது அதற்கும் பிறகு, 1939இல்தான். முதலில் சோலோ ஆர்ட் என்ற சிறிய நிறுவனம், அதே ஆண்டில் விக்டர். சீடர் வாசித்த 'யான்சி ஸ்பெஷல்' வந்து மூன்று வருடம் கழித்துத்தான் யான்சியையே தட்டில் கேட்க முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கேட்பதில்லை. பதிவுகள் வந்த பிறகும் மைதான வேலையை அவர் விடவில்லை.

இந்த மாதம் 'ஹவ் லாங் ப்ளூஸ்' எடுத்திருக்கிறேன். லீராய் கார் பாடிப் பிரபலமாக்கியது. வழக்கமான ப்ளூஸ் போலப் பன்னிரண்டு பார் (நான்கு எண்ணிக்கை கொண்ட தாளப் பகுதி) இல்லை, எட்டே பார். 1951 ஜூலையில் அட்லாண்டிக் நிறுவனத்துக்கான பதிவில் யான்சி இதை வாசிக்க, அவர் மனைவி எஸ்டெல், எல்லோருக்கும் மாமா யான்சி, பாடினார். இஸ்ரேல் கிராஸ்பி பேஸ் வாத்தியம் வாசித்தார். யான்சிக்கு நீரிழிவு முற்றியிருந்த காலம். அந்தச் செப்டம்பர் 17ஆம் தேதி இறந்துவிட்டார். அந்தப் பதிவில் மனைவி ஒரு வரியைப் பாடி முடிக்கும்வரை பியானோ அடங்கியே இருக்கிறது. குரல் நின்ற பிறகுதான் வலக்கை பதில் சொல்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எனக்கு இன்னும் அது வரவில்லை. மாமா யான்சியின் குரலை ஓடவிட்டுக் கூடவே வாசித்தால், வரி முடியும் முன்பே என் வலக்கை உள்ளே வந்துவிடுகிறது. அதனால் இந்த வாரம் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையை மட்டும் வாசித்தபடி முழுப் பாட்டையும் கேட்கிறேன். நேற்று எட்டு பாரும் தடுக்காமல் போனது. வலக்கையை ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைக்கலாம் என்றிருக்கிறேன்.