கீரைக்காரர் கேட்டது

"ஒரு வாரம் என்கூட வரட்டும் சார். காலையில மூணு மணிக்குக் கோயம்பேடு. கட்டு தூக்கிப் பார்க்கட்டும், வேற ஒண்ணும் வேணாம்."

"அதெல்லாம் சட்டப்படி முடியாதுண்ணே" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பையனுக்கு 16 வயது. கீரைக்காரருடைய டிவிஎஸ் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய் என்ஜினைக் கழற்றி விற்றுவிட்டான். இருவரையும் உட்காரவைத்து நான் பேசிய நேரம் முழுக்க அந்த வண்டியின் சாவி அவர் கையில் இருந்தது. வளையத்தில் தேய்ந்துபோன முருகன் படம். கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பையனின் அம்மா காலில் விழப்போனபோது பதறி எழுந்தார். அப்போதும் சாவியை விடவில்லை.

பையன் அதுவரை நான் சொல்லிக்கொடுத்த "மன்னிச்சிடுங்க"வைத்தான் சொல்லியிருந்தான். கோயம்பேடு என்றதும்தான் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தான். உடனே நான் குறுக்கே பேசிவிட்டேன்.

பயந்ததில் நியாயம் இருக்கிறது. இருட்டு, லாரிகள், சுமை. ஏதாவது ஆகியிருந்தால் நன்னடத்தை அலுவலர் என்று நான்தான் பதில் சொல்ல வேண்டும். சின்னப் பையனை வேலை வாங்குகிறார் என்று அந்த மனிதர்மேலேயே புகார் வந்திருக்கலாம். சில நாள் இதை நினைத்துச் சமாதானமாகிவிடுவேன்.

ஆனால் சட்டப்படி முடியாது என்றேனே, அது சரியா? 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆவது பிரிவில் சமூக சேவை இருக்கிறது. சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அடையாளம் காட்டும் ஒரு தனிநபரின் மேற்பார்வையில்கூடச் செய்யலாம். கீரைக்கட்டு தூக்குவது சமூக சேவையாகுமா என்று குழுமத்தின் மாஜிஸ்திரேட் கேட்டிருப்பார். கேட்டிருக்கட்டுமே! நேரத்தையாவது மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அவரும் இரண்டு சமூகப் பணி உறுப்பினர்களும் சொல்ல வேண்டிய முடிவை, அவர்கள் காதுக்கே போகாமல் நான் முடித்துவிட்டேன்.

தவறு செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் நேரில் பேசிச் சேதத்தைச் சரிசெய்யும் மறுசீரமைப்பு நீதி பற்றிப் புதிதாக வருபவர்களுக்கு நான் வகுப்பு எடுப்பதுண்டு. 1974இல் கனடாவின் எல்மைராவில் இரண்டு இளைஞர்கள் 22 இடங்களில் சேதம் செய்த கதையில்தான் தொடங்குவேன். பாதிக்கப்பட்டவர்களை அவர்களே நேரில் போய்ப் பார்க்கட்டும் என்று நீதிபதியிடம் சொன்ன மார்க் யான்ட்சியும் நன்னடத்தை அலுவலர்தான். அவர் சொல்லிப் பார்த்தார், நீதிபதி ஒப்புக்கொண்டார். இந்த இடத்தைச் சொல்லும்போது இப்போதெல்லாம் குரல் இறங்கிவிடுகிறது.

'இருதரப்பும் சமாதானமாயினர்' என்று அறிக்கையில் எழுதினேன். அறிவுரையோடும் குழு ஆலோசனையோடும் வழக்கு முடிந்தது. பையன் தவறு செய்த சிறார்களை வைக்கும் சிறப்பு இல்லத்துக்குப் போகவில்லை, படிப்பு நிற்கவில்லை. அது சின்ன விஷயம் இல்லை. அதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன். நஷ்டத்தில் பாதியை அம்மா மூன்று தவணையில் கட்டினார்.

கடைசித் தவணை அன்று கீரைக்காரர் பணத்தை எண்ணவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார்.

"பையன் வரலையாம்மா?"