முற்றவெளியில் கற்ற கோட்டைப் பாடம்

யாழ்ப்பாணக் கோட்டையைக் காட்ட எங்களை அழைத்துச் சென்ற சரித்திர ஆசிரியர், நேரே வாசலுக்குக் கூட்டிச் செல்லவில்லை. முனியப்பர் கோயிலைத் தாண்டி முற்றவெளியின் நடுவில் நிறுத்தி, "கோட்டையைப் பார்க்க முதல் இந்த வெறும் நிலத்தைப் பாருங்கோ, இதுவும் கோட்டைதான்" என்றார். மதில்மேல் நிற்கும் பீரங்கிக்காரனின் பார்வைக்கு மரமோ வீடோ மறைப்பாக இருக்கக்கூடாது என்பதற்காகவே அந்த வெளி விடப்பட்டது என்று விளக்கிவிட்டு, ஒரு தடியை எடுத்து மண்ணில் ஐங்கோணம் ஒன்றைக் கீறினார்.

போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை நாற்கோணமானது. 1658 இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். நாற்கோணத்தின் மூலையில் கொத்தளம், அதாவது மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அரண், அமைத்தால் அதன் முனை ஒடுங்கிக் கூர்மையாகிவிடும். குண்டடிபட்டால் எளிதில் சிதறும். ஐங்கோணத்திலோ முனை விரிந்து பலமாக நிற்கும். ஒரு கொத்தளத்தின் பக்கச் சுவரிலிருந்து அடுத்த கொத்தளத்தின் முகத்தைச் சுடலாம் என்பதால் எதிரி ஒளிந்துகொள்ள மதிலடியில் இடமே இராது. இவ்வளவையும் அவர் மண்கோடுகளாலேயே எங்களுக்குப் புரியவைத்தார்.

பல ஆண்டுகளின் பின் தொழில் நிமித்தம் தென்னாபிரிக்காவின் கேப் டவுனுக்கு வந்தேன். முதல் வாரத்திலேயே கிராண்ட் பரேட் என்ற திடலைக் கடக்கையில், பெரிய வெளி ஒன்றின் ஓரத்தில் ஐந்து கொத்தளங்களோடு ஒரு கோட்டை நிற்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். அதுவும் அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கட்டியது. 1657 இல் இங்கு வந்து குடியேற்றத்தைப் பார்வையிட்ட றைக்லொஃப் வான் கூன்ஸ் என்பவர்தான் மறு ஆண்டு யாழ்ப்பாணத்தைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கினார் என்று பின்னர் வாசித்தபோது, இரு முற்றவெளிகளும் எனக்கு இன்னும் நெருங்கி வந்தன.

இங்கும் முதலில் எழுந்தது நாற்கோணக் கோட்டைதான். 1652 இல் கம்பனியின் தளபதி யான் வான் றீபீக் மண்ணால் எழுப்பிய அதன் நான்கு கொத்தளங்களுக்கும் கப்பல்களின் பெயர்கள் இடப்பட்டன. கேப்பின் மாரிமழை மண்மதிலை மீண்டும் மீண்டும் கரைத்தது. எனவே 1666 இல் கல்லில் ஐங்கோணக் கோட்டை தொடங்கப்பட்டு 1679 இல் நிறைவேறியது. சிப்பிகளைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். நம் ஊரில் முருகைக்கல் செய்த வேலையை இங்கே கருங்கற்பலகைகள் செய்தன. பழைய மண்கோட்டை அடியோடு மறைந்துவிட்டது என்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால் தொல்லியலாளர் கபீபா ஏபிரகாம்ஸ் கிராண்ட் பரேட்டை அகழ்ந்தபோது அதன் எச்சங்கள் நிலத்தடியில் வெளிப்பட்டன. கடைக்காரர்கள் கூடாரம் அடிக்கும் வெளிக்குக் கீழே இன்னொரு கோட்டை!

என்னை மிகவும் கவர்ந்தது பெரிய கோட்டையன்று. நகருக்கு வடக்கே, லாங்கபான் நீரேரிக் கரையில் 1669 முதல் 1732 வரை கம்பனி வைத்திருந்த ஊடபோஸ்ட் என்ற சின்னக் காவல் அரண் அது. ஒரு சில படைவீரர் மாத்திரம் தங்கிய அந்த இடத்தை 1980களில் கார்மல் ஷ்ரையர் அகழ்ந்தார். உடைந்த புகைக்குழாய்களின் களிமண் தண்டுகள் அங்கு ஏராளமாகக் கிடைத்தன. காலம் செல்லச் செல்ல அத்தண்டுகளின் துவாரம் சிறுத்து வந்ததால், துவாரங்களை அளந்தே ஒரு மண்படையின் காலத்தைக் கணிக்கலாம். வீரர் தின்றெறிந்த காட்டு விலங்கு எலும்புகளோடு, அந்நிலத்தின் சொந்தக்காரரான கொய்கொய் மக்களின் கற்கருவிகளும் மட்பாண்டத் துண்டுகளும் சேர்ந்து வந்தன. மதிலின் உயரத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இவையொன்றும் தெரியா.

இந்நகரின் ரைலண்ட்ஸ் பகுதிக் கோயிலில் பழக்கமான ஓர் அம்மா டர்பனில் பிறந்தவர். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்தவர். "அந்தக் கோட்டையில் நம்ம ஜனங்க இருந்தாங்களா, தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். 1860 இல் முதல் ஒப்பந்தக் கூலிகள் டர்பன் இருக்கும் நேட்டாலில் இறங்குவதற்கு இரு நூற்றாண்டு முன்பே கேப்புக்கு அடிமைகள் வந்துவிட்டார்கள் என்றும், அவர்களுள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் கம்பனிப் பதிவேடுகளில் "வான் கொரமண்டல்" (சோழமண்டலத்தவர்) என்று எழுதப்பட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். பெற்றோர் இட்ட பெயர் அழிந்து ஒரு கடற்கரையின் பெயர் மட்டும் எஞ்சியிருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. எனக்கும் அப்படித்தான். அகழி வெட்டும் வேலையை விரைவுபடுத்த, கோட்டையைக் கடந்து போகும் எவரும் மண்கூடை சுமக்க வேண்டும் என்று ஆளுநர் யொவான் பாக்ஸ் கட்டளையிட்ட கதையை இங்குள்ள வழிகாட்டிகள் சொல்வார்கள். தினமும் சுமந்தவர்களைப் பற்றியும் அதே அளவு சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

நம் பாடசாலைப் பிள்ளைகள் யாராவது இங்கு வந்தால், முதலில் கிராண்ட் பரேட்டின் நடுவே கொண்டுபோய் நிறுத்துவேன். பிறகு வாசலுக்குள் நுழையாமல் அகழிக்கரையில் சற்று நிற்போம். லேர்டாம், பியூரன் என்ற இரு கொத்தளங்களின் பக்கச் சுவர்களும் வாசலுக்கு இருபுறமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தபடி இருப்பது அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.