ரயர் பிறஷர் லைட்: பட்டனை அமத்த முதல் காற்றைப் பார்க்கவும்

மீற்றருக்குள் அந்த மஞ்சள் லைட் மறுபடியும் வந்துவிட்டது, ரயரைக் குறுக்கே வெட்டின மாதிரி ஒரு வளைவும் நடுவில் ஆச்சரியக்குறியும். கார் ஜப்பானில் ஓடி இங்கே வந்தது, திரையில் வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து, நல்ல காலம் இந்தக் குறி மட்டும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். எனக்குக் காரை விற்றவர் அப்போதே சொல்லித்தான் தந்தார்: "அது சும்மா வரும் அண்ணை, ஸ்ரேரிங்குக்குக் கீழ ஒரு பட்டன் இருக்கு, கொஞ்சநேரம் அமத்திப் பிடியுங்கோ, போயிடும்." போகும்தான். அதுதான் எனக்குப் பயமே.

ஏனென்றால் என்னுடைய கார் ரயருக்குள் காற்றை அளப்பதே இல்லை. சில்லு பூட்டுப்படாமல் பார்க்கிற ஏபிஎஸ் பிறேக்குக்காக ஒவ்வொரு சில்லிலும் வேகத்தைப் பார்க்கிற சென்சர் இருக்கிறதல்லவா, அதை வைத்துக் கணக்குப் போடுகிறது. காற்றுக் குறைந்த ரயர் கொஞ்சம் அமுங்கும், அதே தூரத்துக்கு மற்றச் சில்லுகளைவிடக் கூடுதலாகச் சுற்றும், வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினால் லைட் எரியும். பட்டனை அமத்தினால், இப்போது இருக்கிற நிலைதான் சரி என்று எடுத்துக்கொண்டு புதிதாகப் பழகத் தொடங்கும். 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய ஒரு ரயர் 24இல் கிடக்கும்போது அமத்தினீர்கள் என்றால் அந்த 24ஐயே சரியான அளவாக எடுத்துக்கொள்ளும், இன்னும் நன்றாக இறங்கினால்தான் பிறகு வாயைத் திறக்கும். நாலு ரயரும் ஒரே மாதிரி மெல்ல மெல்ல இறங்கினால் இந்த வகைக்குத் தெரியாமலே போகவும் கூடும். ஆகவே மாதத்துக்கு ஒருக்கா கையால் அளக்கிற வேலை எப்படியும் இருக்கிறது.

காலையில் வெயில் ஏற முதல், கார் ஓடாமல் நின்றபடியே அளந்தேன். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் 220 என்று இருந்தது, அது கிலோபாஸ்கல், 6.9ஆல் பிரித்தால் 32 பிஎஸ்ஐ வரும். மூன்று ரயர் 31, 32 என்று நின்றன, பின் இடப்பக்கம் 24. ரயர் கடையில் கேட்டால் எந்தக் காருக்கும் "35 அடிச்சு விடவா அண்ணை?" என்பார்கள், அதுவும் மத்தியானம் ஓடிச் சூடான ரயரோடு போய் நின்றால் அளவு இன்னும் பிழைக்கும். வெப்பம் 5, 6 பாகை கூடினாலே ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ ஏறிவிடும். அதனால்தான் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுகிற சின்னக் கொம்பிரசர் ஒன்று டிக்கியில் கிடக்கிறது. சத்தம் பெரிது, வேலை மெதுவு, ஆனால் வீட்டு வாசலிலேயே காரியம் முடிந்துவிடும்.

ஒரு ரயரில் மட்டும் 8 குறைந்தால் அது குளிரோ வெயிலோ செய்த வேலை இல்லை. சவர்க்காரத் தண்ணீரை முதலில் வால்வில் விட்டேன், ஒன்றும் இல்லை. பிறகு காரைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி ரயர் முழுக்க ஊற்றிக்கொண்டு வர, உள்பக்கப் பள்ளத்தில் கடுகளவு நுரை ஒன்று வந்து வந்து உடைந்தது. சேற்றைச் சுரண்டினால் கூரைத் தகரத்துக்கு அடிக்கிற ஆணி, தலை தேய்ந்து ரயரோடு ரயராகி இருந்தது. இழுத்து எடுக்கவில்லை, எடுத்திருந்தால் கடைக்கே போயிருக்க முடியாது. கொஞ்சம் காற்றடித்துக்கொண்டு போனேன், கடையில் வெளியிலிருந்தே றப்பர் திரி குத்தி அடைத்தார்கள். அடுத்தநாள் காலையில் நாலையும் 32க்குக் கொண்டுவந்த பிறகுதான் பட்டன் பக்கம் போனேன்.

கியரை பி இல் விட்டு, காரை ஓன் பண்ணி, லைட் இரண்டு தரம் மினுங்கும்வரை அமத்திப் பிடித்தேன். சில கம்பனிக் கார்களில் மூன்று தரம் மினுங்கும், சிலதில் பட்டனே இல்லை, திரையில் மெனுவுக்குள் தேட வேண்டும். லைட் போனதும் வேலை முடிந்தது என்று பலர் நினைப்பார்கள், உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. என் காருக்கு மணிக்கு 40க்கும் 100க்கும் இடையில், மொத்தமாக அரை மணித்தியாலம் அளவு ஓட வேண்டும். எங்கள் கிரவல் ஒழுங்கையில் 20ஐத் தாண்டினால் தலை கூரையில் இடிக்கும், ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரும்வரை மாடுகள் விட்டால்தான் வேகம். ஏ9 நெடுஞ்சாலையில் ஏறினால் பிரச்சினை இல்லை, கார்களுக்கு 70 என்கிற கட்டுக்குள்ளேயே நேராக ஒரு சீராக விடலாம். விட்டு விட்டு ஓடினாலும் கணக்கில் சேரும் என்பதால் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு, கிளிநொச்சி வரை போய்த் திரும்பினேன்.

பழகிவிட்டதா என்று கார் சொல்லாது. ஆட்கள் இல்லாத ஒரு நேரத்தில் முன் ரயர் ஒன்றை வேண்டுமென்றே 22க்கு இறக்கி மெதுவாக ஓடிப் பார்த்தேன். உடனே வரவில்லை, கொஞ்சத் தூரம் போன பிறகு லைட் வந்தது. எனக்கு அது போதும். திரும்பக் காற்றடித்தும் தானாகப் போகாததால் இன்னொரு தரம் ரீசெட், இன்னொரு ஏ9 ஓட்டம்.

மச்சானுடைய பிக்கப் வேறு சாதி. அதில் வால்வோடு சேர்ந்து சென்சர் ரயருக்குள்ளேயே இருக்கிறது. ஓன் பண்ணினால் லைட் ஒரு நிமிடம் போல மினுங்கிவிட்டு அணையாமல் எரிந்தபடியே நிற்கிறது. மினுங்காமல் நேரே எரிந்தால் காற்றுக் குறைவு, மினுங்கிவிட்டு எரிந்தபடி நின்றால் அந்த அமைப்பில்தான் கோளாறு, எத்தனை தரம் அமத்தியும் பலன் இல்லை. பெரும்பாலும் சென்சர் பற்றரி முடிந்திருக்கும், 5 தொடக்கம் 10 வருடம்தான் அதன் ஆயுள், பற்றரியை மட்டும் மாற்ற முடியாதபடி மூடி வைத்திருப்பார்கள். சென்சர் வண்டிக்குத் தகவல் அனுப்புகிற றேடியோ அலையில் 315, 433 மெகாஹேர்ட்ஸ் என்று இரண்டு வகை வருகிறது, மாறி வாங்கினால் வண்டிக்குக் கேட்காது, அதனால் மச்சானைப் பழைய சென்சரைக் கழற்றி இலக்கத்தைப் பார்த்த பிறகு ஓடர் போடச் சொல்லியிருக்கிறேன்.