சிறுகிழங்குக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை

கையில் இன்னும் கறை போகவில்லை. நேற்று முழுக்கச் சிறுகிழங்கு தோண்டிய கை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருக்கிறது. அது போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்கா, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு பண்ணையில் பங்கு சேர்ந்திருக்கிறாள். ஐப்பசியிலேயே 6,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு பெட்டி. தோட்டத்தில் அந்த வாரம் என்ன விளைந்ததோ அதுதான் வரும். இது வேண்டும், அது வேண்டாம் என்று கேட்க முடியாது. இப்போது மார்கழிக் கடைசி; மூன்று வாரமாகப் பெட்டியைத் திறந்தால் சிறுகிழங்கு. "இந்தத் துட்டுக்குக் கடையில தக்காளி, பீன்ஸ்னு எல்லாம் வாங்கியிருப்பேன்" என்று அக்காவுக்கு ஒரே கோபம். மதுரையிலிருந்து போயிருந்த எனக்கோ சிறுகிழங்கு என்றால் உயிர். பங்குக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அக்காவை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செங்கோட்டை பாசஞ்சரில் போயிருக்க வேண்டும், விட்டுவிட்டோம். பஸ்ஸில் சீட்டுக் கிழிந்து கம்பி தொடையில் குத்தியது. சேரன்மகாதேவியில் ஆள் ஏற்றுவதற்காகப் பதினைந்து நிமிஷம் அசையாமல் நின்றார்கள். அது போகட்டும். கல்லிடைக்குறிச்சியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் மூன்று கிலோமீட்டருக்கு 200 ரூபாய். "திரும்பி காலியால்லா வரணும்" என்றார். இரண்டு பேருக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வந்த பஸ் செலவே அவ்வளவு இல்லை. அநியாயம்தான். வெயில் ஏறிவிட்டதால் கொடுத்துத் தொலைத்தேன்.

கன்னடியன் கால்வாய்க் கரையில் இறங்கியதும் எரிச்சல் போய்விட்டது. தாமிரபரணித் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. 12,500 ஏக்கருக்கு இந்த ஒரு கால்வாய்தான் தண்ணீர். இரண்டு பக்கமும் பிசானப் பருவத்து நெல் பால் பிடித்து நின்றது.

தோட்டக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கையில் மண்வெட்டியோடு, "வாரீயளா தாயி, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வாங்க" என்றார். கொடியை ஒதுக்கினால் இலையிலிருந்தே ஒரு வாசம் வருகிறது, கற்பூரவல்லி இலையைக் கசக்கினாற்போல. அவர் வெட்டிப் புரட்டிய மண்ணை நாங்கள் கையால் கிளறினோம். தூரோடு ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாகக் கிழங்கு. நெல்லிக்காய் அளவில் சில, சுண்டைக்காய் அளவில் பல. ஒரு பாத்திக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கடையில் கிலோ விலை கேட்டு முகம் சுளித்திருக்கிறேன். இனிச் சுளிக்க மாட்டேன்.

தோல் எடுக்கிற முறைதான் எனக்குப் புதிது. நான் வீட்டில் ஒவ்வொன்றாகச் சுரண்டுவேன். இங்கே ஈரச் சாக்கில் கிழங்கைக் கொட்டி, வாயைக் கட்டி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் துவைகல்லில் போட்டு உருட்டி அடித்தார்கள். பத்து நிமிஷத்தில் முக்கால்வாசித் தோல் போய்விட்டது. அக்கா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள்.

அப்புறம்தான் அந்த அம்மா 2023 டிசம்பர் 17, 18 மழையைப் பற்றிச் சொன்னார். ஆற்று வெள்ளத்தில் வாழையும் கத்தரியும் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டனவாம். ஒரு மாதம் பெட்டியே அனுப்ப முடியவில்லை. "நாலு பேரு துட்டைத் திருப்பிக் கேட்டாவ, குடுத்துட்டோம். மத்தவுக யாரும் கேக்கல. அந்தத் துட்டுலதான் மறுபடி வாழைக்கன்னு வாங்கி நட்டோம்." ஜப்பானில் 1970களில் டெய்கெய் என்று பரவியதும், அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் தொடங்கியதும் இதே ஏற்பாடுதான். முன்பணம் கொடுத்தவர் விளைச்சலோடு மழையிலும் பங்கு வாங்குகிறார். படித்திருக்கிறேன்; அந்த வாழைக்கு நடுவில் நின்று கேட்டபோதுதான் உறைத்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை.

மதியம் கூட்டாஞ்சோறு! சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பயணத்துக்கு இது ஒன்றே போதும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 அரிசி, பருப்பு, நாட்டுக் கத்தரி, வாழைக்காய், கைநிறைய முருங்கைக்கீரை. தேங்காய், சீரகம், மிளகாய், சின்ன உள்ளியை அம்மியில் அரைத்துப் போட்டிருந்தார்கள். தொட்டுக்கொள்ள சிறுகிழங்குப் பொரியலும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். ஆட்டோவுக்கு 200 கொடுத்த கை, இங்கே கொடுக்க வழியில்லாமல் நின்றது.

திரும்பும்போது பாசஞ்சர் கிடைத்தது. போக நினைப்பவர்கள் காலை ரயிலிலேயே போய்விடுங்கள், ஆட்டோ ஏறுமுன் வாடகையைப் பேசிவிடுங்கள். சிறுகிழங்கு வருஷம் முழுக்கக் கிடைக்காது.

வண்டி வீரவநல்லூர் தாண்டியபோது அக்கா கேட்டாள்: "அடுத்த பங்குக்கு எப்பக் கட்டணுமாம்?"